பன்னிரு கட்டைகளுக்கு அப்பால்: ஹரி பார்ட்ச்சின் இசைக்கருவிகள்

பியானோவின் பன்னிரு கட்டைகள் இயற்கையின் நியதி போன்றே பலராற் கருதப்படுகின்றன. உண்மையில் அவை ஒரு சமரசத்தின் விளைவாகும். ஸ்தாயியொன்றை 12 சம அரைச்சுரங்களாகப் பகுத்தால், எச்சுரத்தை ஆதாரமாகக் கொண்டும் ஒரே கருவியில் வாசித்தல் கூடும். இவ்வசதியின் பொருட்டு இழக்கப்பட்டது சுரத்தூய்மை. 5:4 என்னும் மீடிறன் விகிதத்தில் ஒலிக்கவேண்டிய அந்தர காந்தாரம் அரைச்சுரத்தின் ஏறத்தாழ ஏழிலொரு பங்கு உயர்ந்து ஒலிக்கின்றது. 7:4 என்னும் விகிதத்துக்கு அக்கட்டைகளில் இடமேயில்லை. ஆலைகளிற் பெருந்தொகையாக உற்பத்தியான பியானோ இம்முறையை வீடுதோறும் கொண்டுசென்றது. பண்டம் ஒருசீரானபோது செவியும் ஒருசீராயிற்று என்பது எமது கருத்து.

விகிதங்களைக் கணித்துக் கருவிகளை ஆக்கும் முயற்சி எமது வாசகர்க்குப் புதிதன்று. 1947இல் வெளிவந்த யாழ்நூலிற் சுவாமி விபுலாநந்தர் பண்டைய யாழ்களின் வடிவையும் சுருதிகளையும் எண்கணக்கின்வழி மீட்டமைக்க முயன்றார். அவர் மறைந்துபோன இசையைத் தேடினார். ஐக்கிய அமெரிக்காவின் ஹரி பார்ட்ச் (1901-1974) அதுவரை இல்லாத இசையைத் தேடினார்.

1923இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரின் ஒலியுணர்வு பற்றிய நூல் பார்ட்ச்சுக்குக் கிட்டியது. 1930இல் தாம் அதுவரை ஆக்கிய இசைப்படைப்புகளை அடுப்பிலிட்டு எரித்தார். அவரைச் சுருதிநுட்பத்துக்கு இட்டுச்சென்றது மனிதப் பேச்சேயாகும். பேசும் குரல் அரைச்சுரத்திலும் சிறிய படிகளில் ஏறியிறங்குவது; அதனை இசையிற் பற்ற விரும்பினார். பொருளாதார மந்தத்தின்போது நாடோடித் தொழிலாளருடன் அலைந்த அவர், கலிபோர்னியாவின் பார்ஸ்ரோ நகரருகே வீதியோரத் தடுப்பில் வழிப்போக்கர் கிறுக்கிவைத்த எட்டு வாசகங்களுக்கு 1941இல் இசையமைத்தார். வேலைதேடி அலைந்தோரின் சொற்கள் அவர்தம் பேச்சோசையோடே அரங்கேறியமை குறிப்பிடத்தக்கது.

1, 3, 5, 7, 9, 11 ஆகிய எண்களின் விகிதங்களாற் பெறப்படும் 29 சுரங்களோடு, இடைவெளிகளை நிரப்பும் 14 சுரங்களையும் சேர்த்து, ஸ்தாயிக்கு 43 சுரங்களை அவர் வகுத்தார். இவற்றை வாசிக்கக் கருவி எங்கே? கால்மிதி ஆர்மோனியத்தின் நாக்குகளை மாற்றியமைத்தபோது, ஒரு ஸ்தாயியே மூன்றரை ஸ்தாயிக்குரிய கட்டைகளை அடைத்துக்கொண்டது! எனவே சுரங்களின் உறவுக்கேற்பக் கருவியின் வடிவமும் மாறவேண்டியதாயிற்று. 'வைர மரிம்பா' இதற்குச் சிறந்த சான்று. அதன் 36 மரத்துண்டுகள் சாய்சதுரமாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரு சாய்வில் கோலை இழுத்தால், பொதுவானதோர் அடிச்சுரத்தின்மேல் எழும் ஆறு சுரங்கள் கேட்கும். எதிர்ச்சாய்வில் இழுத்தால் அதன் தலைகீழ் வடிவம் கேட்கும். கணிதம் இங்கே கைக்கு எட்டும் பொருளாகிவிடுகின்றது. பேர்க்லி கதிர்ப்பு ஆய்வுகூடம் கழித்த கண்ணாடிக் குடுவைகளை அறுத்துத் தொங்கவிட்டு ஒரு கருவி செய்தார். பீரங்கி வெற்றுக்கோதுகளைக் கொண்ட இன்னொன்றுக்குப் 'போர்க்கொள்ளை' எனப் பெயரிட்டார்.

இக்கருவிகளை ஒலிப்பதிவில் மாத்திரம் கேட்போர் பாதியையே பெறுவர். 1969இல் அரங்கேறிய 'வெறியின் மயக்கம்' என்னும் நாடகத்தில் கருவிகளே மேடையமைப்பாயின. வாசிப்போர் உடல் முழுவதையும் ஈடுபடுத்தவேண்டுமென்பது அவர் விதி.

ஆயினும் ஒரு முரண்பாட்டை நாம் மறைத்தலாகாது. ஒருசீராக்கத்தை எதிர்த்த இவ்விசை, உலகிலேயே ஒரேயொரு கருவித்தொகுதியிற் சிறைப்பட்டது. வழிப்போக்கரின் குரலைப் பாடிய இசையை, அவ்வழிப்போக்கர் ஒருபோதும் வாசித்திருக்க முடியாது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிக் குறியீட்டுமுறை இருந்தமையால், கருவியின்றிப் பிரதியை வாசித்தறிவதும் கடினம். அவர் மறைவின்பின் அத்தொகுதி கைமாறி, 2014இல் சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை அடைந்தது. அதற்கு முந்திய ஆண்டில், ஜெர்மனியின் கொலோன் நகரத்து 'மியூசிக்பாப்ரிக்' குழுவினர் அக்கருவிகளைப் புதிதாகச் செய்து, போஹும் நகரில் 'வெறியின் மயக்கத்தை' மேடையேற்றினர். அதற்காக அவர்கள் முதலிற் கற்கவேண்டியிருந்தது, தத்தம் கையிலிருந்த வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு மரத்தையும் கண்ணாடியையும் அடித்துப் பழகுவதையே.