யப்பானியச் சித்திரக்கதையின் வகைகள்: புதியவர் நோக்கில்

ஒரு கலையை வகைப்படுத்தி நுகர்தல் தமிழர்க்குப் புதியதன்று. பாடுபொருளை அகமென்றும் புறமென்றும் முன்னோர் பகுத்தனர். மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வாழ்வோர் கூத்தினை வடமோடி, தென்மோடி எனப் பிரித்தறிவர். போர்க்கதை பெரிதும் பயில்வது வடமோடி. காதலும் மணமும் பெரிதும் பயில்வது தென்மோடி. களரியில் மத்தளம் முழங்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே இஃது இன்ன மோடி என ஊர்ப் பெரியோர் கூறிவிடுவர். இப்பயிற்சியோடு மங்கா என்னும் யப்பானியச் சித்திரக்கதையையும், அனிமே என்னும் அசைவுச் சித்திரப் படத்தையும் அணுகுவார் முதலில் அடைவது திகைப்பே.

ஏனெனில் அங்கு முதற்பகுப்பு பொருள் பற்றியதன்று, படிப்போர் பற்றியது. சிறுவர்க்குரியது சொனென், சிறுமியர்க்குரியது சோஜோ, வளர்ந்த ஆடவர்க்குரியது செய்னென், மகளிர்க்குரியது ஜொசெய். கதைகள் நூலுருப் பெறுமுன் இதழ்களிலே தொடராக வருவனவாதலின், இதழை வாங்குவோர் எவரோ அவரே வகைக்கும் பெயர் தருகின்றனர். 1968இல் தொடங்கிய 'சொனென் ஜம்ப்' என்னும் இதழ் 1990களின் நடுப்பகுதியில் வாரந்தோறும் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட படிகள் விற்றதெனின், இவ்வாணிகத்தின் பரப்பு விளங்கும்.

சொனென் வகை புதியவர்க்கு எளிதிற் பிடிபடுவது. வறிய சிறுவன் ஒருவன், கடுமையான பயிற்சி, தோல்வி, மீண்டும் பயிற்சி, பின் வெற்றி என்பதே அதன் பொதுப்போக்கு. பந்தாட்டமாயினும் வாட்போராயினும் இப்போக்கு மாறுவதில்லை. வடமோடிக் களரியிலே வீரன் தன் பெருமை கூறி வருதலைக் கேட்டுப் பழகியவர்க்கு இது வேற்றுக்கலையாகத் தோன்றாது. ஆயினும் ஒரே போர் பல வாரம் நீளும்போது சலிப்புத் தட்டுதல் உண்மை. பேரியந்திரங்கள் பொருதும் கதைகளும், வேற்றுலகிற் புகுந்தான் கதைகளும் இச்சலிப்பை மிகுவிப்பனவே.

சோஜோ வகையோ வேறு. இங்குச் செயல் குறைவு, உள்ளமே களம். பாத்திரத்தின் கண்கள் பெரிதாய் விரியும். கட்டங்களின் எல்லைக்கோடுகள் மறையும். நாயகியின் நெஞ்சம் நெகிழுங்கால் அவளைச் சூழ வெற்றுவெளியிலே மலர்கள் பூக்கும். மலர் ஏன் வந்ததென மேனாட்டார் வினவலாம். கருப்பொருள் கொண்டு உரிப்பொருள் உணர்த்தும் மரபிற் பயின்ற தமிழ் மாணவர்க்கு அவ்வினா எழவே எழாது. இவ்வகைக்குத் தொடக்கத்தில் வலுவூட்டியவருள் ஒருவர் மருத்துவம் பயின்ற ஒசாமு தெசுகா (1928–1989). புத்தர் வரலாற்றையும் பல பாகங்களில் வரைந்தவர் இவரே.

நமக்கு அணுக்கமான கதை ஒன்றும் இம்முறையில் உருவாயிற்று. யூகோ சாகோ என்னும் யப்பானியரும், ராம் மோகன் முதலிய இந்தியக் கலைஞரும் இணைந்து இராமாயணத்தை அசைவுச் சித்திரமாக்கினர். 1993இல் வெளிவந்த அப்படம் 2025இல் தமிழ்க் குரலுடன் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. இராமனைக் கூத்தர் கோலத்திற் கண்டவர்க்கு அவன் முகம் அயலாய்த் தோன்றினும், போர்க்காட்சிகள் அயலாய்த் தோன்றா.

இனி, ஆசிரியர் சிறப்பாகக் கருதற்பாலது போர் பற்றிய படைப்பு. சித்திரக்கதையை மாணவர் கையிற் கண்டவுடன் பறித்து மேசைக்குள் இடும் வழக்கம் இன்றும் மறையவில்லை. கெய்ஜி நகசாவா, 1945 ஆகத்து 6ஆம் நாள் ஹிரோசிமாவில் ஆறு வயதுச் சிறுவர். தந்தையையும் உடன்பிறந்தாரையும் அன்று இழந்தவர். அவ்வனுபவத்தினின்று பிறந்த 'வெறுங்காற் கென்' என்னும் சித்திரக்கதை 1973இல் தொடங்கியது மேற்கூறிய சொனென் ஜம்ப் இதழிலேயே. சிறுவர் இதழ் என்ற பெயர் கொண்டு உள்ளீட்டை அளத்தல் எத்துணைப் பிழை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. மட்சுவே நகரப் பள்ளி நூலகங்களில் அந்நூலை மாணவர் தாமாக எடுக்கவொண்ணாது அதிகாரிகள் மறைத்துவைத்து, எதிர்ப்பெழவே 2013இல் அத்தடையை நீக்கினர். இசாவோ தகஹாதா நெறிப்படுத்திய 'மின்மினிகளின் கல்லறை' (1988) கோபே நகரத்து அண்ணனும் தங்கையும் குண்டுவீச்சின்பின் பசியால் மாள்வதைக் காட்டுவது. அதில் எதிரியின் முகம் ஒரு முறையேனும் தோன்றுவதில்லை. அரிசிப் பானையும் பழப்பாகு மிட்டாய் தகரமுமே திரும்பத் திரும்பத் தோன்றுகின்றன. அகதி முகாமில் வரிசையில் நின்றறிந்த குடும்பங்கள் வாழும் மட்டக்களப்பிலே இதற்கு உரை வேண்டியதில்லை.

இடம் மாறின் சுவையும் மாறும் என்பதற்கு ஹயாஓ மியசாகியின் 'பொன்யோ' (2008) சான்று. ஆழிப்பேரலை பெருமீன்களாய் உருவெடுத்துக் கரைமேல் விரைய, மீனாய்ப் பிறந்த சிறுமி அவற்றின் முதுகிலே களித்தோடுகிறாள். ஊர் நீரில் மூழ்கினும் ஒருவரும் மாண்டதாகக் காட்டப்படுவதில்லை. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலமாகிய நாவலடி 2004 திசெம்பர் 26ஆம் நாள் அடைந்த நிலையை அறிந்தவர் அக்காட்சியை அழகென்று மட்டும் காண்டல் அரிது. இளஞ்சிறார்க்கெனச் செய்யப்பட்ட இப்படத்தைப் பிள்ளைகள் கைகொட்டிப் பார்த்திருக்க, அருகிருக்கும் மூத்தோர் எழுந்து வெளியே செல்லவுங் கூடும்.