ஆழாக்கு அரிசியும் கைப்பேசிக் கணக்கும்

வீடு திரும்பும் நாளில் மருந்துச் சீட்டோடு உணவுக் குறிப்பு ஒன்றும் கையில் தரப்படுகிறது. அதில் ‘நாளொன்றுக்கு 1,600 கலோரி’ என்பது போல ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். மாத்திரையைக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என எண்ணிக் கொடுத்துவிடலாம். கலோரியை எப்படி எண்ணுவது? அடுப்பின் முன் நிற்கும் மனைவியோ மகனோ மருமகளோ விடை காண வேண்டிய கேள்வி இது.

கைப்பேசியில் இயங்கும் உணவுக் கணக்குச் செயலிகள் இதற்குத் துணை புரியும். வெளிநாட்டுச் செயலிகளில் நம் குழம்பையும் கூட்டையும் தேடி அலுத்துப் போவதைவிட, ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட ‘நியூட்ரிஃபை இந்தியா நவ்’ செயலியை முதலில் பார்ப்பது நல்லது. இட்லி, சாம்பார் போன்ற நம் சமையல்களும் அதில் உண்டு. அந்த நிறுவனத்தின் வேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய பெரிபெரி நோய் ஆய்வே பின்னாளில் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறியது. தீட்டிய அரிசியையே நம்பி உண்டவர்களைத் தாக்கிய நோய் பெரிபெரி. குன்னூரிலிருந்து 1937இல் அய்க்ராய்ட் வெளியிட்ட சிறு நூல், இந்திய உணவுகளின் சத்து மதிப்பையும் உணவைத் திட்டமிடும் முறையையும் ஒருங்கே தந்தது. சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன் 1971இல் அப்பணியை விரிவாக்கினார். 2017இல் வெளியான அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இடம்பெற்றன.

எந்தச் செயலியானாலும் நாம் சொல்வதைத்தான் கூட்டும். நம் பகுதியில் கணக்கு தவறும் இடம் பெரும்பாலும் சோறுதான்.

100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி உண்டு. அதை வடித்தால் ஏறக்குறைய 300 கிராம் சோறாகும். கலோரி கூடுவதில்லை, நீர்தான் சேர்கிறது. ஆகவே தட்டிலுள்ள 300 கிராம் சோற்றைச் செயலியில் ‘அரிசி’ என்ற பெயரில் பதிந்தால் 1,050 கலோரி என்று காட்டும். நோயாளி திடுக்கிட்டு அடுத்த வேளையைப் பட்டினியாகக் கழிப்பார். மாறாக, உலையில் இட்ட 100 கிராம் அரிசியை ‘சோறு’ என்று பதிந்தால் 120 கலோரி அளவில் நின்றுவிடும். உண்டது அதைப்போல் மூன்று மடங்கு. பதியும் முன் அது வேகாததா, வெந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். (செயலியில் ‘கிலோகலோரி’ என்று காட்டினால் குழம்ப வேண்டாம். பேச்சு வழக்கில் நாம் கலோரி என்பது அதைத்தான்.)

சமையலறைத் தராசு இல்லாத வீடுகளே மிகுதி. அதற்காகப் புதிதாக ஒன்று வாங்க வேண்டியதில்லை. வீட்டு ஆழாக்கைத் தலைதட்டி நிரப்பி, மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 140 கிராம் இருக்கும். இட்லிக்கும் இதே முறைதான். ஊறவைத்த அரிசி, உளுந்தின் மொத்த எடையை, அந்த மாவில் கிடைத்த இட்லிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் உங்கள் வீட்டு இட்லி ஒன்றின் கணக்கு கிடைத்துவிடும். பழைய சோறும் சோறுதான். அதன் நீரைப் பதிய வேண்டாம், சோற்றைப் பதியுங்கள். கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா ஆகியவற்றில் தவிடும் நார்ச்சத்தும் கூடுதலாக இருக்கலாம். கலோரியில் வெள்ளை அரிசியை ஒட்டியவையே அவை. ‘நல்ல அரிசிதானே’ என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ள இடமில்லை.

2024இல் அதே நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், 2,000 கலோரி உணவுக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பால் 300 மில்லிலிட்டர் எனப் பரிந்துரைக்கிறது. காலை இட்லி, மதியச் சோறு, இரவுத் தோசை மூன்றும் சேர்ந்து அந்த 250 கிராமுக்குள் அடங்க வேண்டும். நம் வீடுகளில் சோறு மலையாகவும் காய் ஓரமாகவும் இருப்பதை எண்ணினால், எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்பது விளங்கும்.

எண்ணெய்க்கு மளிகைச் சீட்டே போதும். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 3 லிட்டர் செலவானால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 மில்லிலிட்டர். அதாவது 200 கலோரிக்குச் சற்று மேல். செயலியில் வறுவலைத் தேடி நேரம் போக்குவதைவிட இது நம்பகமானது. தேநீரையும் மறவாமல் பதியுங்கள். இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையில் 40 கலோரி. கடைக்குப் போய் நான்கு முறை குடித்தால் சர்க்கரை மட்டுமே 160.

வாரத் திட்டத்தை நம் ஊரின் நாள்காட்டியோடு சேர்த்துப் போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்நாள்களில் மீன் வரத்து குறைந்து விலை ஏறும். பல வீடுகளில் கருவாடு அதன் இடத்தைப் பிடிக்கும். கருவாட்டின் கலோரியைப் பார்த்துச் செயலி குறை சொல்லாது. அதிலுள்ள உப்போ இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இதய, சிறுநீரக நோயாளிகளுக்கும் ஆகாது. அவ்வாரங்களில் முட்டை, பச்சைப் பயறு, கொண்டைக்கடலை என முன்கூட்டியே எழுதி வைத்தால் புரதம் குறையாது. சிறுநீரக நோயாளிகள் மட்டும் இந்த மாற்றத்தையும் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.

செயலிகள் ஏழு நாள் சராசரியைக் காட்டுவதுண்டு. உடல் எடையைப் பொறுத்தவரை அது சரியே. நாகூர்க் கந்தூரியிலோ உறவினர் திருமணத்திலோ ஒருவேளை கூடுதலாக உண்டதை மறுநாள்களில் சிறிது சிறிதாக ஈடுசெய்யலாம். சர்க்கரை நோய்க்கு இந்தச் சராசரி உதவாது. இரத்தச் சர்க்கரை வேளைக்கு வேளை ஏறி இறங்குவது. இன்சுலின் போட்டுக்கொள்பவரோ சில வகைச் சர்க்கரை மாத்திரை உண்பவரோ, ‘நேற்றுக் கூடிவிட்டது’ என்று இன்றைய காலை உணவைத் தவிர்த்தால் தாழ்சர்க்கரை ஏற்படலாம். நடுக்கம், வியர்வை, பிதற்றல் அதன் அறிகுறிகள். நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுங்கள். அந்நேரத்தில் கலோரி பார்க்க வேண்டாம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

சிறுநீரக நோயாளிகளுக்குச் செயலியின் எண் பாதிச் செய்தியைத்தான் சொல்லும். இளநீரும் வாழைப்பழமும் கலோரியில் எளியவை. பொட்டாசியத்தால் சிலருக்கு ஆபத்தானவை. ‘சோடியம் குறைந்தது’ என்று விற்கும் உப்புகளிலும் பொட்டாசியம் இருப்பதுண்டு. டயாலிசிஸ் தொடங்கும் முன் புரதத்தைக் குறைக்கச் சொல்வோம். தொடங்கிய பின் கூட்டச் சொல்வோம். பக்கத்துப் படுக்கைக்காரரின் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நீர் அளவு குறிக்கப்பட்ட இதய நோயாளிகள் கஞ்சி, ரசம், மோர் அனைத்தையும் நீராகவே கணக்கிட வேண்டும்.

கலோரிக் கணக்கு என்றாலே குறைப்பதற்கு என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. காசநோயாளிகள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உண்ண மனமில்லாத முதியவர்கள் ஆகியோருக்கு அதே செயலி மறுபக்கத்திலிருந்து உதவும். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தினருக்குக் கூடுதல் உணவுப் பொருள்கள் வழங்கி நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. அக்குடும்பங்களில் புதிதாக நோய் தொற்றுவது கணிசமாகக் குறைந்திருந்தது. தட்டில் போட்டதைப் பதியாமல், உண்டதைப் பதியுங்கள். பாட்டி மீதம் வைத்த அரைக் கரண்டிச் சோறும் மருத்துவர் அறிய வேண்டிய செய்தியே.

அடுத்த முறை வரும்போது, வேலை நாள் இரண்டு, ஞாயிறு ஒன்று என மூன்று நாள் பதிவுகளைக் கொண்டுவாருங்கள். உண்ட நேரம், அளவு, இன்சுலின் போட்ட நேரம், வீட்டில் பார்த்த சர்க்கரை அளவு ஆகியன அதில் இருக்கட்டும். கைப்பேசி வழங்காதவர்கள் பள்ளிக்கூட நோட்டில் எழுதிவந்தாலும் போதும். எண்களை உணவியல் பிரிவில் நாங்கள் போட்டுத் தருகிறோம். சமைப்பவர் உடன் வருவது மிகவும் நல்லது. வீட்டு ஆழாக்கையும் பையில் போட்டு எடுத்துவாருங்கள்.