பெட்டிக்குள் உறங்கிய பாடல்கள் – 7: நூற்றியிரண்டாவது டேக்

சென்ற வாரம் பார்த்த 'கார்னிவல் ஆஃப் லைட்' ஒரே இரவில் பதிவாகி முடிந்தது. 13 நிமிடம் 48 விநாடி. இன்றுவரை வெளிவரவில்லை. இந்த வாரப் பாடலின் கதை வேறு. நான்கு நாள் உழைப்பை வாங்கிக்கொண்டு பெட்டிக்குள் போனது அது. ஜார்ஜ் ஹாரிசனின் 'நாட் கில்ட்டி'.

1968-இன் தொடக்கத்தில் பீட்டில்ஸ் நால்வரும் ரிஷிகேஷில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் இருந்தார்கள். அந்தப் பயணம் மனக்கசப்பில் முடிந்தது. இந்தியாவின் பக்கம் நண்பர்களை அழைத்துப் போனவர் ஹாரிசன் என்பதால், அந்தக் கசப்பில் ஒரு பங்கு அவர் மேலும் விழுந்தது. 'நான் குற்றவாளி இல்லை' என்ற தலைப்பு அங்கிருந்து பிறந்ததுதான். மே மாதம் ஈஷரில், தன் வீட்டிலேயே, கிதாரை வைத்துக்கொண்டு அதை டேப்பில் பாடி வைத்தார்.

ஆகஸ்ட் 7. லண்டன் அபே ரோடு, இஎம்ஐ ஸ்டுடியோ. முதல் 18 டேக்குகளும் பாட்டின் முகப்பு இசைக்கே போயின. வரிக்கே வரவில்லை! தாளக் கணக்கு நடுநடுவே மாறும் பாட்டு இது. கை பழகாமல் ஓடாது. அன்றிரவு எண்ணிக்கை 46-இல் நின்றது. மறுநாள் எலக்ட்ரிக் பியானோவை ஒதுக்கிவிட்டு ஹார்ப்சிகார்டு கொண்டுவந்தார்கள். 47-இல் தொடங்கி 101 வரை போனது எண். அவற்றில் 99-ஆவதுதான் தேறியது. அப்போது நான்கு டிராக் டேப்; நான்கும் நிரம்பிவிட்டால், இருப்பதைச் சுருக்கி இன்னொரு டேப்புக்கு மாற்றித்தான் மேற்கொண்டு சேர்க்க முடியும். அப்படி மாற்றிய பிரதிக்குத்தான் 102 என்று எண் போட்டார்கள். '102 முறை வாசித்தார்கள்' என்று பலரும் எழுதுவது ஆகவே சரியல்ல. ஆனால் இந்தத் திருத்தத்தால் அந்த உழைப்பு துளியும் குறைந்துவிடாது.

9-ஆம் தேதி நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். எதிரொலிக்காகவே கட்டப்பட்ட வெற்றறை ஒன்று அந்த ஸ்டுடியோவில் உண்டு. அதன் ஒரு கோடியில் கிதார் ஆம்ப்ளிஃபயர், மறுகோடியில் மைக். ஹாரிசனோ கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து வாசிக்கிறார். தொலைவில் யாரோ கூப்பிடுவது போன்ற அந்தக் கிதார் ஒலி அப்படி வந்தது. 12-ஆம் தேதி குரலையும் கன்ட்ரோல் ரூமிலிருந்தே பாடிப் பதித்தார்.

நவம்பர் 22-இல் 'ஒயிட் ஆல்பம்' வந்தது. இரண்டு தட்டு, 30 பாட்டு. ஹாரிசனுக்கு நான்கு. 'நாட் கில்ட்டி' அதில் இல்லை. லெனன், மெக்கார்ட்னி பாடல்களின் நெரிசலில் அவருக்குக் கிடைத்த இடம் எப்போதும் அவ்வளவுதான். அந்த ஆல்பத்தில் இருக்கும் சில ஒப்புக்குப் போட்ட துண்டுகளைக் கேட்கும்போதெல்லாம், இதற்கு இடமில்லாமல் போயிற்றே என்று மனம் ஆறுவதில்லை.

ஹாரிசன் பாட்டைக் கைவிடவில்லை. பத்தாண்டு கழித்துத் தன் வீட்டு ஸ்டுடியோவில் புதிதாகப் பதிவு செய்து, 1979-இல் தன் பெயரிலேயே வந்த ஆல்பத்தில் சேர்த்தார். அதில் கோபம் தணிந்திருக்கிறது. பழைய வழக்கொன்றை நினைவுகூர்பவரின் நிதானம். பழைய டேப்பை 1984-இல் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக் தூசு தட்டி, நீளத்தை வெட்டி, 'செஷன்ஸ்' என்ற ஆல்பத்துக்குத் தயார் செய்தார். அந்த ஆல்பமே நின்றுபோனது. வெட்டிய அந்த வடிவம் 1996-இல் 'ஆந்தாலஜி 3'-இல் வந்தது.

முழு டேக் 102 கிடைத்தது 2018-இல், ஒயிட் ஆல்பத்தின் ஐம்பதாம் ஆண்டுப் பெட்டியில். ஈஷர் வீட்டுப் பதிவும் அதில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலில் வீட்டுக் கூடத்தில் கிதாரோடு ஒரு குரல்; பிறகு அதே பாட்டு, வெற்றறையின் மறுகோடியிலிருந்து வரும் கிதாரோடு.

குரல் பதிந்த இரண்டாம் நாள், ஆகஸ்ட் 14, அதே ஸ்டுடியோவில் லெனன் விசித்திரமான ஒரு பாட்டைத் தொடங்கினார். அந்த 'மேரி ஜேன்' அடுத்த வாரம்.