ஜேசிபிக்கு முன்னால் ஒரு கொத்துக்கரண்டி

எங்க ஊர்ச் சரிவில் கிராவல் எடுக்கலாமா என்று ஒரு பேச்சு ஓடிக்கிட்டிருக்கு. குவாரி என்றாலே மேல்மண் போச்சு, ஊற்று வத்திப்போச்சு என்றுதான் நமக்குக் கவலை. எனக்கு இன்னொரு கவலையும் உண்டு.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கிராவல் தோண்டிய ஒரு குழியில்தான் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆய்வே அந்தக் குழியில் தொடங்குது. அதே ஆண்டு கண்டறியப்பட்ட அத்திரம்பாக்கத்தை, 1999 முதல் சாந்தி பப்பு குழுவினர் அடுக்கடுக்காகத் தோண்டினார்கள். அங்கே கிடைத்த கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011ல் அறிவித்தார்கள். அந்த மண்ணை லாரியில் அள்ளியிருந்தால் கல் மட்டும் எங்கோ ரோட்டுக்கு அடியில் கிடக்கும். வயசு சொல்ல அடுக்கு இருக்காது. மண் கலைஞ்சா கதையும் கலைஞ்சது.

நமக்கு இன்னும் நெருக்கமானது பழனி பக்கத்துப் பொருந்தல். அங்கே 2009ல் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் அகழ்ந்த ஈமக்குழியில், நாலு கால் ஜாடிக்குள் சுமார் 2 கிலோ நெல்! காலம் கி.மு. 490 அளவில். செத்தவருக்கும் விதைநெல் வச்சு அனுப்பிய சனம் என்று நான் நினைச்சுக்குவேன். எங்க மலையில் ஒரு குழிக்குள் சாமையோ தினையோ இருக்காதுன்னு யார் சொல்றது?

இங்கிலாந்தில் 1990 முதல், குவாரிக்காரர் செலவிலேயே முதலில் அகழாய்வு, பிறகுதான் மண் என்பது நடைமுறை. மஸ்ட் ஃபார்ம் என்ற செங்கல் மண் குவாரியில் 2015-16ல் தோண்டியபோது, சுமார் 2,850 ஆண்டுக்கு முன் எரிந்து ஆற்றில் விழுந்த வீடுகள், சாப்பாடு ஒட்டிய சட்டியோடு கிடைத்தன. நம்ம பக்கம் ஜேசிபி இறங்கும் முன்னே கொத்துக்கரண்டியோடு யாரும் வந்து நின்னதை நான் பார்த்ததில்லை.

ஏர் ஓட்டும்போது வழவழப்பான கல்கோடரியோ, தாழி விளிம்போ தட்டுப்பட்டால் கழுவாதீங்க, இடம் மாத்தாதீங்க. போட்டோ எடுத்து வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்க. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்கணும். "சொன்னா நிலம் போயிடுமோ?" என்று பலருக்குப் பயம். கீழடியில் பட்டா நிலத்துத் தென்னந்தோப்பில், உரிமையாளர் சம்மதத்தோடுதான் குழி போட்டார்கள்.

அடுத்த கிராம சபைக்கு மனு எழுதி வச்சாச்சு: சரிவில் குவாரி பற்றிப் பேசும் முன், தொல்லியல் துறை வந்து பார்க்கணும்.