பச்சை நண்டா, சிவப்பு நண்டா? கால் நுனி சொல்லும் ரகசியம்!

சேற்று நண்டு வளர்ப்பவர்கள் தடுமாறுவது குஞ்சு வாங்கும்போதுதான். கழிமுகத்தில் பிடித்த குஞ்சுகளில் இரண்டு இனங்கள் கலந்திருக்கும். பச்சை நண்டு ஒன்றரை கிலோவைத் தாண்டும். சிவப்பு நண்டு அவ்வளவு வளராது. குட்டியில் நிறம் பார்த்துப் பிரிப்பது கடினம். அறுவடையில்தான் நஷ்டம் தெரியும்.

விஞ்ஞானிகளும் இதில் குழம்பியவர்கள்தான். 1998-ல் கீனன், டேவி, மான் ஆகியோர் உடலமைப்போடு மரபணுவையும் ஒப்பிட்டு, சேற்று நண்டில் நான்கு இனங்கள் உண்டு என்று பிரித்துக் காட்டினார்கள். இந்தச் சோதனைக்கு நண்டைக் கொல்ல வேண்டாம். கால் நுனி போதும். டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட பகுதி இனத்துக்கு இனம் மாறும். ஒரே இனத்துக்குள் உள்ள வேறுபாடும் தெரிவதால், நெருங்கிய உறவில்லாத தாய் நண்டுகளைத் தேர்ந்தெடுக்கலாம்.

சற்று வளர்ந்த குஞ்சு என்றால், கொடுக்கின் நடுக்கணுவில் வெளிப்புறம் பாருங்கள். நம் பகுதியில், இரண்டு கூர்முள் இருந்தால் பெரும்பாலும் பச்சை நண்டுதான். சந்தேகம் வேண்டாம் என்பவர்கள், இனம் தெரிந்த பொரிப்பகக் குஞ்சுகளையே வாங்குவது நல்லது.