அடுப்பை அணைத்த பிறகு ஏலக்காய்

சர்க்கரைப் பூசணியைப் பிளந்ததும் நடுவில் நார்நாராகத் தொங்கும் சதையையும் விதையையும் சேர்த்து வழித்துக் குப்பையில் போடுவது பெரும்பாலான வீடுகளில் வழக்கம். அந்த விதையின் பருப்பில் 100 கிராமுக்குச் சுமார் 30 கிராம் புரதம் இருக்கிறது. மக்னீசியம் 500 மில்லிகிராமுக்கு மேல், துத்தநாகம் 7 மில்லிகிராமுக்கு மேல். இதை அறிந்தவர்கள் இப்போது விதையை எடுத்துவைத்து, சீனியும் காரமும் ஏலக்காயும் சேர்த்து வறுத்துக் கொறிக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் சீனி, மிளகாய்த்தூள், ஏலக்காய்த்தூள் எல்லாவற்றையும் ஈர விதையோடு ஒன்றாகப் பிரட்டி வாணலியில் போட்டுவிடுவது தவறு. விதைக்குத் தேவைப்படும் சூடு வேறு, சீனிக்குத் தேவைப்படும் சூடு வேறு, ஏலக்காய் தாங்கும் சூடு வேறு. ஏலக்காயைப் பொறுத்தவரை இதற்கான சான்று போடிநாயக்கனூருக்கு மேலே, மலையிலேயே இருக்கிறது.

போடிமெட்டு ஏறி அப்பால் விரியும் ஏலமலைத் தோட்டங்களில் பறிக்கும் பச்சைக் காயின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். போடியின் ஏல மையத்துக்கு வரும் காயில் பத்து சதவீதத்தை ஒட்டிய ஈரம்தான் இருக்கும். ஐந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோ ஆவதற்கு இடைப்பட்ட வேலையைச் செய்வது ‘ஸ்டோர்’ என்று தோட்டத்தில் சொல்லும் உலர்த்தும் அறை. அங்கே சூடு 50 டிகிரி செல்சியஸைச் சுற்றியே நிற்கும். காய் ஏறத்தாழ ஒரு முழு நாள் காயும். விறகைக் கூட்டி இதைச் சில மணி நேரத்தில் முடித்துவிடலாமே என்று தோன்றும். முடித்தால் காய் வெடிக்கும், பச்சை நிறம் பழுப்பாகும், உள்ளேயிருக்கும் எண்ணெய் பறந்துபோகும். ஏலக்காயின் மணம் பெரிதும் இரண்டு பொருள்களால் ஆனது: மூக்கில் குளிர்ச்சியாக ஏறும் சினியோல், இனிப்பு வாடை தரும் டெர்பினைல் அசிடேட். இரண்டும் எளிதில் ஆவியாகிறவை. அவற்றைக் காப்பாற்றத்தான் ஒரு நாள் முழுக்க அந்தப் பொறுமை. அப்படி வந்த காயை நுணுக்கி, அடிப்பகுதி 200 டிகிரியைத் தொட்டுவிட்ட இரும்பு வாணலியில் கொட்டினால், ஸ்டோரில் காத்துவைத்தது ஒரே நிமிடத்தில் போய்விடும்.

சினியோலின் கொதிநிலை 176 டிகிரி ஆயிற்றே, அதற்குக் கீழே வறுத்தால் மணம் எப்படிப் போகும் என்று வேதியியல் படித்த ஒருவர் கேட்கலாம். ஆவியாவதற்குக் கொதிக்க வேண்டியதில்லை. கொடியில் போட்ட ஈரத்துணி கொதிக்காமல்தான் காய்கிறது. அதைவிட முக்கியமானது, நீராவி கிளம்பும் இடத்தில் இந்த எண்ணெய்கள் 100 டிகிரியை ஒட்டியே அதனுடன் சேர்ந்து வெளியேறிவிடும். ஏலக்காய் எண்ணெய் வடிக்கிறவர்கள் செய்வதும் இதுதான்: தூளுக்குள் நீராவியைச் செலுத்தி, கிளம்பும் மணத்தைக் குளிர்வித்துப் பிடிக்கிறார்கள். ஈர விதையோடு ஏலக்காய்த்தூளை வறுப்பவர் அதே வடிகலத்தை மூடியில்லாமல் நடத்துகிறார். வீடெல்லாம் மணக்கிறது என்று அப்போது மகிழ்வதில் பொருளில்லை. காற்றில் ஏறிய மணம் விதைக்குத் திரும்பாது.

பிரியாணிக்கு ஏலக்காயைக் கொதிக்கும் எண்ணெயில்தானே முதலில் போடுகிறோம் என்பது இன்னொரு மறுப்பு. அது நியாயமான கேள்வி. அங்கே போடுவது முழுக் காய். தோல் மூடியிருக்கிறது, மணம் மெல்லக் கசிகிறது, கசிந்ததைச் சுற்றியுள்ள எண்ணெய் கரைத்து வைத்துக்கொள்கிறது, மேலே தம் போட்டு மூடியும் விடுகிறோம். தூளுக்கு இந்தக் காவல்களில் ஒன்றும் கிடையாது. பாயசத்தை இறக்கிய பிறகே ஏலப்பொடி தூவும் பாட்டிமார்களின் கைக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தது.

விதையின் கதை நேர் எதிரானது. அதற்கு நல்ல சூடு வேண்டும், ஆனால் ஈரம் போன பிறகு. கையில் எடுத்தால் விரலிடுக்கில் வழுக்கி ஓடும் அந்தப் பிசுபிசுப்பைத் தேய்த்துக் கழுவி, உப்பு நீரில் ஓர் இரவு ஊறவைத்து, நிழலில் காயவிட வேண்டும். ஊறும்போது துத்தநாகத்தை உடல் ஏற்கவிடாமல் பிடித்துவைக்கும் ஃபைட்டிக் அமிலமும் ஓரளவு குறையும். ஈரம் இருக்கும்வரை விதையின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அது வேகுமே தவிர வறுபடாது. வறுத்த வாசனை தருவது புரதத் துணுக்குகளும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பாகும் வினை. 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் மயார் விவரித்தது. அது வேகமெடுக்க 140 டிகிரி வாக்கில் வேண்டும். சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் தோலுக்குள் அடைபட்ட கடைசி ஈரம் ஆவியாகி முட்ட, விதை உப்பி, படபடவென்று பொரியும் ஓசை கேட்கும். ஓசை அடங்கி, தோல் வெளிர்மஞ்சளாகும்போது இறக்கிவிட வேண்டும். பருப்பில் பாதிக்கு மேல் இல்லாவிட்டாலும் பாதியை ஒட்டிய அளவு எண்ணெய். அதில் பெரும்பகுதி எளிதில் சிக்கு வாடை பிடிக்கும் வகை. தீய்ந்தால் திருத்த முடியாது.

இனிப்பு ஏற்றுவதில்தான் நுட்பம் அதிகம். ஒரு கப் விதைக்குக் கால் கப் சீனி, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் போதும். பாகு உருட்டுப் பதத்துக்கு வரும்போது அதன் சூடு 115 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். தண்ணீர் பெரும்பாலும் போயிருக்கும். வறுத்த விதையைக் கொட்டி, அடுப்பை அணைத்து, கை ஓயாமல் கிளற வேண்டும். மினுமினுத்த பாகு சட்டென்று மங்கி, வெள்ளை பூத்து, மணல் போலாகும். சீனி மறுபடி படிகமாகிறது. மங்கத் தொடங்கும் அந்த நொடிதான் ஏலக்காய்த்தூளுக்கு உரியது. நெருக்கமாக முளைக்கும் நுண்படிகங்களின் இடுக்குகளில் மண எண்ணெய் சிக்கிக்கொள்ளும். உணவுத் தொழிற்சாலைகளில் வாசனைப் பொருளைப் பாதுகாக்க இதே முறையை இணைப்படிகமாக்கல் என்று கையாளுகிறார்கள். முன்னால் போட்டால் ஆவி கொண்டுபோகும். பின்னால் போட்டால் ஒட்டாமல் உதிரும்.

சீனிக்குப் பதில் வெல்லம் போடக்கூடாதா? போடலாம். வெல்லத்தில் குளுக்கோசும் ஃபிரக்டோசும் கலந்திருப்பதால் படிகமாவது தாமதமாகும், போடியின் மழை மாதங்களில் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் வாழைக்காயில் செய்யும் சர்க்கரை உப்பேரி இதற்கு வழி காட்டுகிறது: வெல்லப் பாகு பூசி இறக்கிய துண்டுகளின் மேல் சுக்கும் ஏலக்காயும் பொடித்த சீனியும் தூவிப் பிரட்டுகிறார்கள். அங்கேயும் மணம் கடைசியில்தான் வருகிறது.

காரத்துக்கு இவ்வளவு பாடு வேண்டாம். மிளகாயின் காப்சைசினும் மிளகின் பைப்பெரினும் எளிதில் ஆவியாகாதவை. பாகு கொதிக்கும்போதே சேர்க்கலாம். வெறும் வாணலியில் மட்டும் மிளகாய்த்தூளைப் போடக்கூடாது, கருகி நெடி ஏறும். மிளகின் வாசனை வேண்டுமென்றால் பாதியை நிறுத்திவைத்து ஏலக்காயோடு தூவுவது நல்லது.

இந்த வரிசையை நம்பாதவர்கள் ஒரே பூசணியின் விதையை இரண்டு பங்காக்கி, ஒன்றில் ஏலக்காயை முதலிலும் மற்றதில் கடைசியிலும் சேர்த்துச் செய்யலாம். ஏலக்காயின் அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முழுக்க ஆறியதும் தனித்தனிக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி, மூன்றாம் நாள் காலையில் ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்க்கட்டும்.