பரணில் கிடக்கும் ‘டெக்’கை எழுப்புவோமா?



உங்க வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்திருக்கீங்களா? பழைய பித்தளைக் குடம், உடைந்த தொட்டில் கம்பு இவற்றுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி கிடக்கலாம். அதுதான் வீடியோ கேசட் ரெக்கார்டர், சுருக்கமாக வி.சி.ஆர். நம்ம ஊர்ப் பெரியவங்க அதை ‘டெக்’ என்றே சொல்வாங்க. “டெக் எடுத்து வந்து தெருவுல டிவியை வெச்சு விடிய விடிய மூணு படம் போடுவாங்க. பாய் விரிச்சு இடம் பிடிக்கவே சண்டை வரும்” என்று எங்க அப்பாயி சொல்லுவாங்க.

நான் அந்த டெக்கைத் தேடி எடுத்ததுக்குக் காரணம் சினிமா இல்லை, எங்க அத்தை கல்யாணக் கேசட். கல்யாணம் நடந்தது 1994-ல். எங்க தாத்தா நடமாடுவதும் பேசுவதும் பதிவானது அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான். நான் பிறப்பதற்கு முன்னாடியே அவர் இறந்துவிட்டார். அவர் குரலை நான் கேட்டதே இல்லை. அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன். இதில் இரண்டு பெரிய தப்பும் செய்தேன். நீங்களும் அதைச் செய்துவிடக் கூடாது என்றுதான் இந்தக் கட்டுரை.

டெக் எப்படி வேலை செய்கிறது?

கேசட்டுக்குள் இருப்பது அரை அங்குல (12.7 மில்லிமீட்டர்) அகலமுள்ள பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் காந்தத் துகள் பூசியிருப்பார்கள். பாட்டுக் கேசட்டிலும் இதே சங்கதிதான். ஆனால் படத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒலியைவிடப் படத்தில் தகவல் பல நூறு மடங்கு அதிகம். அதைப் பதிய வேண்டுமென்றால் நாடா ‘ஹெட்’டை விநாடிக்கு ஐந்து மீட்டர் அளவு வேகத்தில் உரசிப் போக வேண்டும். மூன்று மணி நேரக் கேசட்டில் இருப்பது சுமார் 260 மீட்டர் நாடா. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஓடாது!

இதற்கு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வழிதான் அருமை. நாடாவை வேகமாக ஓட்டுவதற்குப் பதிலாக ஹெட்டைச் சுழல விட்டார்கள். டெக்கைத் திறந்தால் நடுவில் பளபளவென்று, டம்ளரைக் கவிழ்த்த மாதிரி சற்றே சாய்ந்து ஓர் உருளை தெரியும். அதுதான் ‘ஹெட் டிரம்’. விட்டம் 62 மில்லிமீட்டர். நம் நாட்டு ‘பால்’ முறையில் அது நிமிடத்துக்கு 1500 சுற்று, அதாவது விநாடிக்கு 25 சுற்று சுற்றும். அதன் விளிம்பில் எதிரெதிராகக் குறைந்தது இரண்டு குட்டி ஹெட்டுகள் இருக்கும். நாடாவோ விநாடிக்கு 2.3 சென்டிமீட்டர் அளவுதான் நகர்கிறது. எறும்பு ஊர்கிற மாதிரி!

டிரம் சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு ஹெட்டும் நாடாவில் சாய்கோடு போட்டபடி போகும். விநாடிக்கு 50 கோடு. ஒரு கோட்டின் அகலம் 0.049 மில்லிமீட்டர், நம் தலைமுடியைவிட மெல்லியது. ஒரு துளி தூசி போதும், படம் காலி.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். ஒலி இந்தச் சாய்கோட்டில் இல்லை. நாடாவின் மேல் ஓரத்தில் நேர்கோடாகப் பதிவாகிறது, அதைப் படிக்கத் தனி ஹெட். கீழ் ஓரத்தில் ‘கண்ட்ரோல் டிராக்’ என்று ஒன்று உண்டு. நாடா சரியான வேகத்தில், சரியான இடத்தில் போகிறதா என்று டெக்குக்குச் சொல்வது அதுதான். இதை ஞாபகம் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நோய் என்ன, அறிகுறி என்ன?

1. படம் முழுக்கப் பனி மாதிரி புள்ளி, ஆனால் சத்தம் நன்றாகக் கேட்கிறது: டிரம்மில் இருக்கும் ஹெட் அழுக்கு.

2. படத்தில் குறுக்கே ஒரு பட்டை ஓடுகிறது: டிராக்கிங் சரியில்லை. முன்னால் உள்ள டிராக்கிங் பட்டனை மெதுவாகத் திருப்பினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

3. சத்தம் இழுக்கிறது, அழுவது போல் கேட்கிறது: நாடாவை இழுக்கும் ‘பிஞ்ச் ரோலர்’ என்ற ரப்பர் உருளை வழவழப்பாகிவிட்டது, அல்லது அழுக்கு.

4. சில விநாடி ஓடித் தானாக நின்றுவிடுகிறது: நாடாவைச் சுற்றி எடுக்கும் சக்கரம் சுற்றவில்லை. ரப்பர் பெல்ட்டோ, ‘ஐட்லர்’ என்ற சின்னச் சக்கரத்தின் ரப்பரோ தேய்ந்திருக்கும். இதைக் கவனிக்காமல் திரும்பத் திரும்பப் போட்டால் டெக் ‘நாடாவைத் தின்றுவிடும்’.

5. உயிரே இல்லை: பவர் சப்ளை கோளாறு. இதில் மட்டும் நாம் கை வைக்கவே கூடாது. பல மாடல்களில் 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கும்போது கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அப்படியே இருக்கும். மெக்கானிக்கிடம் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

நான் செய்த முதல் தப்பு

நம்ம ஊர் காவிரிக் கரை. சுற்றிலும் வாய்க்கால், வாழைத்தோட்டம். ஐப்பசி கார்த்திகையில் சுவரே வியர்க்கும். அந்த ஈரம் கேசட்டுக்கு எமன். கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பொடி மாதிரி தெரிந்தது. தூசி என்று நினைத்து ஊதிவிட்டு அப்படியே டெக்கில் போட்டுவிட்டேன். அது தூசி இல்லை, பூஞ்சை! இரண்டு நிமிடம் படம் தெரிந்தது. பந்தல், வாழைமரம், நாதஸ்வரம். அப்புறம் ஒரே பனி. பூஞ்சை முழுக்க ஹெட்டில் ஒட்டிக்கொண்டது. அந்த டெக்கில் அடுத்து நல்ல கேசட்டைப் போட்டிருந்தால் அதுக்கும் ஒட்டியிருக்கும்.

இரண்டாவது தப்பு

‘ஹெட்டைத் துடைத்தால் சரி’ என்று எனக்குத் தெரியும். எப்படித் துடைப்பது என்று தெரியாது. காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுத்து, பல் தேய்க்கிற மாதிரி மேலும் கீழும் தேய்த்தேன். ஹெட்டின் நுனி ஃபெரைட் என்ற பொருளால் ஆனது. பீங்கான் மாதிரி, கடினம்தான், ஆனால் பட்டென்று உடையும். டிரம்மின் விளிம்பில் மயிரிழை அளவுதான் நீட்டிக்கொண்டிருக்கும். பஞ்சு இழை அதில் மாட்டியது. நான் இழுத்தேன், நுனி போய்விட்டது. அதன் பிறகு படம் பாதி பனி பாதியாக, கண்ணை வெட்டுகிற மாதிரி வந்தது. இரண்டு ஹெட்டில் ஒன்று செத்துவிட்டால் அப்படித்தான் வருமாம்.

அப்பாவிடம் சொல்லப் பயந்து நம் அறிவியல் சாரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “தம்பி, உடைஞ்சது ஹெட்டுதானே, கேசட் இல்லையே” என்று மட்டும் சொன்னார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி விசாரித்து, பழைய மெக்கானிக் ஐயா ஒருவரைக் கண்டுபிடித்தோம். வேறொரு செத்த டெக்கில் இருந்த டிரம்மைக் கழற்றி எங்க டெக்கில் பொருத்திக் கொடுத்தார். சரியான முறையைக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான்.

ஹெட்டைத் துடைக்கும் சரியான முறை

• முதலில் கேசட்டை வெளியே எடுத்து, பிளக்கைப் பிடுங்க வேண்டும். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

• மேல் மூடியின் திருகுகளைக் கழற்றித் தூக்கவும். டிரம்மின் பளபளப்பான பக்கத்தில் விரல் படக் கூடாது. கையில் உள்ள எண்ணெய்ப் பசை ஒட்டும்.

• ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கவும். கொரோனா காலத்து சானிடைசர் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றாதீர்கள். அதில் பெரும்பாலும் கை வறளாமல் இருக்கக் கிளிசரின் மாதிரி ஏதாவது கலந்திருப்பார்கள், அது படிந்துவிடும்.

• பஞ்சு வேண்டாம். மான்தோல் போன்ற மெல்லிய துடைக்கும் தோல் நல்லது. இல்லாவிட்டால் நல்ல வெள்ளை பாண்டு தாளைத் துண்டாக வெட்டி ஆல்கஹாலில் நனைத்துக்கொள்ளலாம்.

• தாளை டிரம்மின் மேல் தட்டையாக, அழுத்தாமல் வைத்து அசையாமல் பிடிக்கவும். மறு கையால் டிரம்மின் மேல்பகுதியைப் பிடித்து மெதுவாகச் சில சுற்று சுற்றவும். தாள் அசையக் கூடாது, டிரம்தான் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்க்கவே கூடாது. தாளில் பழுப்புக் கோடு விழும். கோடு விழாத வரை புதுத் தாளாக மாற்றவும்.

• அசையாத ஒலி ஹெட், உலோகக் கம்பங்கள் இவற்றைப் பஞ்சுக் குச்சியால் துடைக்கலாம். ரப்பர் உருளைக்கு லேசான சோப்புத் தண்ணீர் தொட்ட துணி போதும்.

• அரை மணி நேரம் காயவிட்டுப் பிறகு மூடவும்.

எண்ணெய் விடாதீர்கள்! ‘சக்கரம் சுற்றலையே’ என்று தேங்காய் எண்ணெய் விட்டவர்கள் உண்டாம். ரப்பர் பெல்ட்டில் எண்ணெய் பட்டால் வழுக்கத்தான் செய்யும்.

ஒரு வேடிக்கை. சார் கூட இருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து, எங்க வீட்டுத் திண்ணையில் காலை வெயிலில் ஓட்டிப் பார்த்தோம். டெக் ஓடவே மாட்டேன் என்றது. மறுபடி பழுதோ என்று எனக்குப் பகீரென்றது. சார் சிரித்துக்கொண்டே தினத்தாளை எடுத்து வெயிலை மறைத்துப் பிடித்தார். உடனே ஓடியது! காரணம் இதுதான்: நாடா முடிந்ததைக் கண்டுபிடிக்க டெக்குக்குள் ஒரு விளக்கும் இரண்டு ஒளி உணரிகளும் இருக்கின்றன. நாடாவின் இரு முனையிலும் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் துண்டு இருக்கும். அதன் வழியே ஒளி வந்தால் ‘நாடா முடிந்தது’ என்று டெக் நின்றுவிடும். வெயில் அதை ஏமாற்றிவிட்டது!

பூஞ்சைக் கேசட்டுக்கு வைத்தியம்

வெயிலில் காயப் போடக் கூடாது, நாடா வளைந்துவிடும். செருப்புப் பெட்டியில் வருமே, சிலிக்கா ஜெல் பொட்டலம், அதைச் சேர்த்து வைத்து ஒரு டப்பாவில் கேசட்டோடு ஒரு வாரம் மூடி வைத்தோம். பிறகு மாஸ்க் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தோம். பூஞ்சைப் பொடி நெஞ்சுக்குள் போனால் ஆகாது. கேசட்டின் அடியில் நடுவில் ஒரு துளை இருக்கும். அதில் குச்சியை விட்டால் சக்கரத்தின் பூட்டு விடும். முன்கதவைத் தூக்கி, நூல் பிரியாத மென்மையான துணியை நாடாவில் இலேசாகத் தொட வைத்து, கையாலேயே சுற்றினோம். 260 மீட்டர்! இரண்டு சாயங்காலம் ஆனது. அப்பாயி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே வேடிக்கை பார்த்தாங்க. “இந்தக் காலத்துப் புள்ளைங்க இம்புட்டுப் பொறுமையா?” என்றாங்க.

நல்ல கேசட்டைப் பாதுகாக்க: புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். முழுதும் ரீவைண்ட் செய்து வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள், அதில் காந்தம் உண்டு. முதுகுப் பக்க ஓரத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும், அதை உடைத்துவிட்டால் யாரும் மேலே அழித்துப் பதிய முடியாது.

ஏன் அவசரம்?

வி.எச்.எஸ். டெக்கை ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-ல் வெளியிட்டது. அதற்கு முந்தின ஆண்டே சோனியின் பீட்டாமேக்ஸ் வந்துவிட்டது. ஆனாலும் போட்டியில் ஜெயித்தது வி.எச்.எஸ்.தான். நம் நாட்டில் 1982-ல் டிவி வண்ணமானது. அதற்குப் பின் டெக் ஊர் ஊராகப் பரவியது. கடைசி வரை டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-ல் நிறுத்திவிட்டது. இனிப் புது டெக் கிடையாது, புது ஹெட் கிடையாது. ஒரு டெக் செத்துத்தான் இன்னொரு டெக் பிழைக்க வேண்டும். அதனால் டெக் ஓடும்போதே மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களை யு.எஸ்.பி. கேப்சர் கருவியில் மாட்டிக் கணினியில் பதிந்துவிட வேண்டும்.

கேசட் ஓடியதா?

ஓடியது! ஆனால் பந்தி பரிமாறும் இடத்தில் நாடாவின் கீழ் ஓரம் கசங்கியிருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு டெக் தின்ற இடம். கீழ் ஓரத்தில் இருப்பது என்ன? கண்ட்ரோல் டிராக். அதனால் படம் உருண்டு உருண்டு கலைந்துவிட்டது. வெள்ளை வேட்டி ஒன்று ஆடுவது மட்டும் தெரிந்தது. ஆனால் மேல் ஓரம் கசங்கவில்லை. சத்தம் வந்தது, கொஞ்சம் இழுவையோடு.

“யாரும் சாப்பிடாம போயிடாதீங்கய்யா... அந்தப் பந்தியில ரசம் கேக்குறாங்க பாரு...”

அப்பாயி முறத்தைக் கீழே வைத்தாங்க. “அது ஒங்க தாத்தாடா” என்றாங்க. வேறொன்றும் சொல்லவில்லை. முகம் கலைந்து போனாலும் என் தாத்தாவின் குரலை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். இப்போது அது கணினியில் ஒன்றும், பென்டிரைவில் ஒன்றும், அத்தை வீட்டில் ஒன்றுமாக மூன்று பிரதி இருக்கிறது.

நண்பர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க வீட்டுப் பரணிலும் ஏறிப் பாருங்கள். கேசட் இருந்தால் முதலில் ஜன்னல் வழியாக வெள்ளைப் பொடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தயவுசெய்து டெக்கில் போட்டுவிடாதீர்கள்!



— 10 ஆம் வகுப்பு மாணவன்